பாதாளத்தில் இறங்கினாரா என்று அம்மா கேட்கிறாள்

என் தங்கத் தம்பி செல்வினுக்கு,

நீ ஆசையாகக் காத்திருந்த ரயில் போடிக்கு வந்துவிட்டது. பஜாரில் நம் ஏலக்காய்க் கடையை இப்போது நான்தான் பார்க்கிறேன். உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடா?

நீயாக உயிரை விட்டதால் உன்னைச் சர்ச்சுக்குள் கொண்டுபோக விடவில்லை. மணியும் அடிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே வேனை நிறுத்தி, ஒரு சின்ன ஜெபத்தோடு முடித்துவிட்டார்கள். நீ ஞானஸ்நானம் வாங்கிய சர்ச்தானே அது? அன்றிலிருந்து, நீ நரகத்தில் கிடக்கிறாய் என்ற பயம் அம்மாவைப் பிடித்துக்கொண்டது.

ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்வோம் இல்லையா, அதில் கிறிஸ்து பாதாளத்தில் இறங்கினார் என்ற இடம் வந்ததும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். போன மாதம் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

“ஆண்டவரு நெசமாவே அங்கன போனாகளா? போதகரக் கேட்டுச் சொல்லு ஆத்தா. போயிருந்தா எம்புள்ளயப் பாத்திருப்பாகல்ல?”

எனக்கு எங்கே தெரியும்? வேதத்தை எடுத்துப் புரட்டினேன். காவலில் கிடந்த ஆவிகளிடம் போய் இயேசு பிரசங்கித்தார் என்று பேதுரு எழுதியிருக்கிறார். பெந்தெகொஸ்தே நாளில் பேசும்போதும், இயேசுவின் ஆத்துமா பாதாளத்தில் விடப்படவில்லை என்கிறார். விடப்படவில்லை என்றால் போய்த்தானே இருக்க வேண்டும்? வக்கீல் மாதிரி இதையெல்லாம் தூக்கிக்கொண்டு, புதிதாக வந்திருக்கும் போதகரிடம் போனேன்.

நல்ல மனிதர்தான், உன்னைவிடச் சின்னவர். பாதாளம் என்று அங்கே சொல்வது மரித்தோர் இருக்கும் இடம், எரிகிற நரகம் இல்லை என்றார். அந்த ஆவிகள் நோவா காலத்தில் கீழ்ப்படியாதவர்கள், அந்த வசனத்துக்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்கிறார்கள் என்றார். சிலுவையில் பக்கத்தில் தொங்கிய கள்ளனிடம், இன்றைக்கே என்னோடு பரதீசில் இருப்பாய் என்று இயேசு சொன்னாரே, அன்றைக்கே மோட்சத்துக்குப் போனவர் பாதாளத்துக்கு எப்போது போனார் என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம்.

“அப்ப எதுக்கு வாராவாரம் எங்களச் சொல்ல வைக்கிறீக?” என்றேன்.

 “எனக்கும் சரியாத் தெரியலக்கா” என்றார் அவர். அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. தெரியாதவர்கள் எப்படிடா உன்னை வாசலில் நிறுத்தினார்கள்?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் என்ன சொல்வது? போனார் என்று சத்தியம் பண்ண முடியவில்லை. போகவில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. பேதுரு அப்படித்தான் எழுதியிருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் அவள் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை.

எனக்கும் ஒருநாள் வரும், செல்வின். மேலே போனதும் முதலில் உன்னைத்தான் தேடுவேன். நீ அங்கே இல்லை, உன்னைப் பார்க்க யாருமே கீழே இறங்கவில்லை என்று தெரிந்தால், நான் இறங்கி வருவேன்டா.

உன்னோடு கூடப்பிறந்தவள்,
எஸ்தர் அக்கா