பின்சக்கர பிரேக்கும் நாலு கிலோ தக்காளியும்

நவம்பர் 4, செவ்வாய்

வண்டி கத்துகிறது. விஷ்ராந்த்வாடி சிக்னலில் பிரேக்கை மிதித்ததும் பின்பக்கத்திலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். பக்கத்து ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்தார். யாருடைய வண்டியோ என்பதுபோல நானும் திரும்பிப் பார்த்துவைத்தேன்.

ஔந்தில் எங்கள் வங்கி வாசல் சரிவு. ஹேண்ட்பிரேக்கை முழுக்கத் தூக்கியும் வண்டி மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. கியரில் போட்டு நிறுத்திவிட்டு உள்ளே போனேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ ஹேண்ட்பிரேக்கை எறக்காமயே ஓட்டியிருப்ப கனகு" என்றார். பதினோரு வருஷம் இந்தக் காரை ஓட்டியவர் அவர். நான் ஓட்டுவது செப்டம்பரிலிருந்து. எனவே தப்பு யாருடையது என்பதில் இந்த வீட்டில் சந்தேகமே இல்லை.

நவம்பர் 6, வியாழன்

வீட்டுக்காரருக்கு நரம்பு டாக்டரிடம் மறுபரிசோதனை. செப்டம்பரில் காபி ஆற்றிக்கொண்டிருந்தவர் சமையலறையில் அப்படியே விழுந்து, கைகால் வெட்டியிழுத்ததே, அதற்குப் பிறகு இன்னொரு முறை வரவில்லை. மாத்திரை கேட்கிறது. பார்க்க என்னைவிட நன்றாக இருக்கிறார். ஆனாலும் ஒரு வருஷம் வண்டி தொடக் கூடாது என்பதில் டாக்டர் மாறவில்லை.

"பார்க்கிங்ல ரிவர்ஸ் மட்டும் எடுக்கலாங்களா டாக்டர்?" என்று ஹிந்தியில் கேட்டார். டாக்டர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. நிஜமாகத்தான் கேட்டிருக்கிறார்.

நவம்பர் 8, சனி

இரண்டாம் சனி, வங்கி விடுமுறை. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஏசி, சோஃபா, காபி. இந்த மூன்றையும் பார்த்தபோதே கிளம்பியிருக்க வேண்டும்.

டை கட்டிய பையன் பிரேக்கின் கதையைச் சொன்னான். பின்சக்கரத்துக்குள் கிண்ணம் மாதிரி ஒன்று சுற்றுகிறது, அது டிரம். உள்ளே பிறை மாதிரி இரண்டு கட்டைகள் விரிந்து அதை உரசிப் பிடிக்கும். அதற்கு ஷூ என்று பெயர். எல்லாவற்றையும் புதிதாகப் போட்டால் பதினாறாயிரத்துச் சொச்சம்.

"கழற்றிப் பார்த்தீர்களா?"

"பார்க்கத் தேவையில்லை மேடம். வயசாயிடுச்சு."

வண்டியைத்தான் சொன்னான்.

ஆஸ்பத்திரிக்காக ஒரு டெபாசிட்டை ஏற்கெனவே உடைத்தாகிவிட்டது. ஷூவுக்காக இன்னொன்றை உடைக்க மனசில்லை. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

ஆளந்தி ரோட்டில் மானேயின் கேரேஜ். வண்டி வாங்கிய நாளிலிருந்து வீட்டுக்காரருக்கு மெக்கானிக் அவர்தான். நான் சத்தத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும், "ஸாப் எங்கே?" என்றார். வரமாட்டார் என்றேன். உடனே இவருக்கு ஃபோன் போட்டார். இருவரும் மராத்தியில் உடம்பைப் பற்றிப் பேசினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், மானேயின் தம்பி வாங்கிய நிலத்தைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் ஹேண்ட்பிரேக் கேபிளை இறுக்கினால் போதும் என்று முடிவானது. நான் நின்றுகொண்டிருந்தேன்.

முந்நூறு ரூபாய்.

"பதினாறாயிரம்னானே உன்ற டை கட்டுன டாக்டரு" என்று இரவு சாப்பிடும்போது இரண்டு தடவை சொன்னார். செப்டம்பருக்குப் பிறகு அவர் இத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்க்கவில்லை. ஆகவே இன்னொரு கரண்டி சாதம் போட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

ஹேண்ட்பிரேக் பிடிக்கிறது. சத்தம் அப்படியே இருக்கிறது. "பழகிரும்" என்கிறார்.

நவம்பர் 15, சனி

வேலை நாள். வங்கியில் கூட வேலை பார்க்கும் லலிதா ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டாள், வண்டியை எடுக்கவில்லை. மாலை வந்து பார்த்தால் சமையலறை மேடையில் நாலு கிலோ தக்காளி. பாதி நசுங்கியிருக்கிறது.

"மலிவாக் கெடைச்சுது" என்றார்.

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இவர் காய்கறி வாங்கியதில்லை. ஒருவேளை மாத்திரையின் பக்கவிளைவோ? தொக்கு போட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

வண்டியைத் துடைக்கக் கீழே போனேன். நான் எப்போதும் மூக்கை உள்ளே விட்டுத்தான் நிறுத்துவேன். ரிவர்ஸ் எனக்கு வராது. இன்றைக்கு வண்டி பின்பக்கமாக, கோட்டுக்குக் கோடு சரியாக நின்றிருந்தது. பின் பம்பரில் தக்காளி விதை காய்ந்து ஒட்டியிருந்தது.

மேலே போனேன். "ஏனுங்க, நேத்து வண்டிய எடுத்தீங்களா?"

பேப்பரை மடித்தார். மருந்துக் கடை வரைக்கும்தான் என்றார். மேட்டில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு இறங்கியிருக்கிறார். கடையில் மாத்திரைப் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது யாரோ கத்தியிருக்கிறார்கள். வண்டி தானாகப் பின்னால் இறங்கித் தெருவோரத் தள்ளுவண்டியில் இடித்து நின்றிருக்கிறது. தள்ளுவண்டிக்கார அம்மாள் அப்போதுதான் சில்லறை மாற்ற எதிர்க்கடைக்குப் போயிருக்கிறார். நசுங்கியதற்கெல்லாம் இவர் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஒண்ணும் ஆகலையே" என்றார்.

ஒண்ணும் ஆகலையாம்! அந்தம்மா அங்கயே நின்னிருந்தா? ஓட்டறப்பவே வெட்டு வந்திருந்தா? நானு வங்கில உக்காந்து எவனோ ஒருத்தன் கையெழுத்தச் சரிபாத்துட்டு இருந்திருப்பேன். அப்புறம் யாராச்சும் ஃபோன் பண்ணிச் சொல்லியிருப்பாங்க. என்ன மனுசன் இவரு? இத்தனையும் பண்ணிட்டு, தக்காளி மலிவுன்னு...

இதையெல்லாம் சத்தமாகவே சொன்னேன். பக்கத்து வீட்டில் டிவியைக் குறைத்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, அது ஒரு வசதி.

அவர் பேப்பரை இன்னொரு முறை மடித்தார். பிறகு, "வண்டி தானாப் போறதப் பாத்துட்டே நின்னன் கனகு. ஓடிப் புடிக்கோணும்னு தெரியுது. காலு நகரல" என்றார்.

சாவியை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

நவம்பர் 17, திங்கள்

பேச்சு இல்லை. தொக்கு நன்றாக வந்திருக்கிறது.

நவம்பர் 19, புதன்

பெங்களூரிலிருந்து காவ்யா பேசினாள். அப்பா பண்ணிய காரியத்தை மகளிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், சொல்லிவிட்டேன். "அம்மா, ஜஸ்ட் வித்துடுங்க. ரெண்டு பேரும் கேப் புக் பண்ணிக்கோங்க" என்றாள். அவள் சொல்வதில் தப்பில்லை. பார்க்கலாம் என்றேன்.

உள்ளறையில் அவருக்குக் கேட்டிருக்கிறது. தட்டில் தோசையைப் போட்டபோது மூன்று நாளில் முதல் வார்த்தை பேசினார்.

"விக்கப் போறயா?"

"மொதல்ல பிரேக்கப் பாக்கோணும்."

தோசையைப் பிட்டார். "முப்பதாம் தேதி ஜோக்ளேகர் பொண்ணு கல்யாணம். சாத்தாரால."

ஜோக்ளேகர் இவருடன் பாதுகாப்புத் துறைக் கணக்கு அலுவலகத்தில் இருபது வருஷம் பக்கத்து மேஜை.

"தெரியுமுங்க. நான் ஓட்டறேன்" என்றேன்.

இன்னொரு தோசை கேட்டார். சரி என்று அர்த்தமா, பசி என்று அர்த்தமா, கேட்டுக்கொள்ளவில்லை.

நவம்பர் 22, சனி

நாலாம் சனி. காலையில் மானேயிடம் போகக் கிளம்பினேன். வீட்டுக்காரரும் செருப்பை மாட்டிக்கொண்டார்.

மானேக்கு ஏக சந்தோஷம். ஸாப், ஸாப் என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வரவழைத்தார். பின்சக்கரங்களைக் கழற்றி, டிரம்மைத் தட்டி எடுத்தார். உள்ளே பார்த்துவிட்டு நேராக இவரிடம் வந்து சொல்ல ஆரம்பித்தார்.

இவர் மராத்தியில் இடைமறித்தார். "மேடமிடம் சொல்லுங்கள். வண்டியை ஓட்டுவது அவர்தான்."

அவ்வளவுதான். டீயை எடுத்துக்கொண்டு, ஸ்டூலை ரோட்டுப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மானே என்னைப் பார்த்தார். புதிதாகப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு டார்ச்சை என் கையில் கொடுத்தார். இடது பக்கம் ஷூவைத் தள்ளும் சின்னச் சிலிண்டரிலிருந்து பிரேக் ஆயில் கசிந்து ஷூவெல்லாம் ஈரம். தேய்ந்து இரும்பு தெரிகிறது, அதுதான் கத்தியிருக்கிறது; அந்த ஈரத்தில்தான் ஹேண்ட்பிரேக்கும் வழுக்கியிருக்கிறது. போன தடவையே திறந்து பார்த்திருக்க வேண்டும் என்று அவராகவே சொன்னார். நான் மறுக்கவில்லை.

"டிரம் மாற்ற வேண்டுமா?"

அளந்து காட்டினார். இன்னும் கனம் இருக்கிறது. லேத் பட்டறையில் கொடுத்துக் கோடுகளைச் சீவினால் போதும்.

"வலது பக்கச் சிலிண்டர்?"

ரப்பரை விலக்கிக் காட்டினார். உலர்ந்திருந்தது. அதை விட்டுவிட்டோம். ஷூ மட்டும் இரண்டு பக்கமும் மாற்றியே ஆக வேண்டும் என்றார். மாற்றச் சொன்னேன். எல்லாம் சேர்த்து சர்வீஸ் சென்டர் சொன்னதில் கால்வாசிதான் ஆனது.

நடுவில் பழக்கதோஷத்தில் மானே இரண்டு தடவை, "காய் ஸாப்?" என்று, என்ன சொல்கிறீர்கள் என்பதுபோல, குரல் கொடுத்தார். ஸாப் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயித்தது மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. வரும் வழியில் அவருக்குப் பிடித்த கடையில் வடாபாவ் வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டார்.

நவம்பர் 23, ஞாயிறு

மருந்துக் கடை மேட்டில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கைத் தூக்கிவிட்டு இருவரும் இறங்கி நின்று பார்த்தோம். வண்டி அசையவில்லை. தள்ளுவண்டிக்கார அம்மாள் மட்டும் தன் வண்டியை நாலடி தள்ளி நிறுத்திக்கொண்டார்.

நவம்பர் 30, ஞாயிறு

சாத்தாரா போய் வந்தாயிற்று. கல்யாணம் நன்றாக நடந்தது, ஜிலேபி நன்றாக இருந்தது. ஜோக்ளேகர் இவரைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

போகும்போது நடந்ததை எழுத வேண்டும். காத்ரஜ் சுரங்கம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். லாரிக்குப் பின்னாடி ஒட்டாத. கியரக் கொற. கண்ணாடியப் பாரு. அப்புறம் குறைந்தது. கம்பாட்கி மலை ஏறும்போது எதுவுமே சொல்லவில்லை. கோபமோ என்று நினைத்தேன்.

இறக்கத்தில் முன்னால் ஒரு கரும்பு லாரி. மிதித்தேன். வண்டி சத்தமில்லாமல் வேகம் குறைந்தது. ஏதாவது சொல்வார் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மாத்திரையின் வேலையாகவும் இருக்கலாம்.

கழுத்து சுளுக்கிக்கொள்ளுமே, ஒரு கையை எடுத்துத் தலையை நேராக வைக்கலாமா என்று தோன்றியது. வைக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன, இறக்கம் முடிகிறவரை.