சேகருக்குப் போர்த்திய பொன்னாடை

ஞாயிறு. மோதி பாக், டெல்லி.

எங்கள் காலனி தமிழ் மன்றத்தின் ஆண்டு விழா நாடகம் இன்று முடிந்தது. ஓர் ஆணைக் காதலிக்கும் மகனின் கதை. டெல்லியிலேயே இதுதான் முதல் முறை என்று மைக்கில் கத்திக்கொண்டே இருந்தார்கள். அந்த மகன் வேஷம் எனக்குத்தான் வரும் என்று நம்பியிருந்தேன். நான் அப்படித்தான் என்று போன வருஷமே எல்லோரிடமும் சொல்லிவிட்டேனே! டைரக்டர் மணி மாமா சிரித்தார்.

"நீ பண்ணினா அது நடிப்பு இல்லடா, அசிங்கம். சேகர் பண்ணட்டும். கல்யாணமானவன், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. எப்படி நடக்கணும்னு மட்டும் நீ அவனுக்குச் சொல்லிக்கொடு."

நான் எல்லோரையும் போலத்தான் நடக்கிறேன். சேகர் இடுப்பை ஒடித்து ஒடித்து நடந்தான். ஒரே கைதட்டல்.

கடைசியில் அவன் துணிச்சலுக்குப் பொன்னாடை. அதைப் போர்த்த என்னைக் கூப்பிட்டார்கள். போர்த்தினேன். சிரிக்கவும் சிரித்தேன், வெட்கங்கெட்டவன்.

அப்புறம் அப்பா மேடையேறினார். நான் சொன்ன நாளிலிருந்து என்னோடு பேசாத அப்பா. சேகரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"நாடகத்துல அந்த அப்பன் உன்னைத் துரத்தினப்போ எனக்குத் தாங்கலப்பா. பெத்த பிள்ளையை எப்படி ஒதுக்க முடியும்?"

நான் பக்கத்திலேயே பொன்னாடையின் பிளாஸ்டிக் கவரை மடித்துக்கொண்டு நின்றேன். போட்டோக்காரன், "அங்கிள், இதர் தேக்கோ" என்று கேமராவைப் பார்க்கச் சொன்னான். அப்பா என் பக்கம் திரும்பினார். ஒரு வருஷம் கழித்து என்னிடம் பேசினார்.

"கொஞ்சம் தள்ளிக்கோ."