ரிஸ்னாவின் கீழ் இடது பல்

5 மார்ச் 1984, திங்கள்
காலையிலேயே வெயில் சுட்டது. அட்டாளைச்சேனையிலிருந்து கல்முனை வரை பஸ்ஸில் நின்றே வந்தேன். பள்ளிக்கூடப் பல் அறைக்குப் பஞ்சு இன்னும் வரவில்லை. திரும்பவும் கடிதம் எழுத வேண்டும்.

இரண்டாம் வகுப்பு, பதினான்கு பேருக்குப் பல் பார்த்தேன். ஒருவன் என் விரலைக் கடித்தான்.

ரிஸ்னா, வயது ஏழு. வலப்பக்கம் குறையே இல்லை. இடப்பக்கம் மேலும் கீழும் கறுப்பு. ஒரே வாய், ஒரே பிரஷ், ஏன் ஒரு பக்கம் மட்டும்? கீழ் இடது கடைவாய்ப் பல்லிலும் குழி. ஆறு வயதில் முளைக்கிற பல் அது, போனால் போனதுதான். நரம்பு வரை போகவில்லை. கெதியில் அடைத்தால் தப்பும்.

"எந்தப் பக்கத்தால சப்புற?"
"ரெண்டு பக்கத்தாலயும் மிஸ்."

6, செவ்வாய்
ரிஸ்னாவின் உம்மா வந்தார்.
"பால் பல்லுதானே மிஸ், புடுங்கி உடுங்க. மறுகா முளைக்கும்."
பால் பல் இல்லை என்றேன். நம்பவில்லை. முன்பல் நாலும் விழுந்து கூரையில் எறிந்தாயிற்றாம், இது விழவில்லையாம், ஆகவே பால் பல்லாம். எனக்குக் கோபம் வந்து சத்தம் போட்டுவிட்டேன்.
"நீங்க புடுங்காட்டி வெள்ளிக்கிழமை பல்லுக் கட்டுறவருக்கிட்ட கொண்டு போறன்."
போய்விட்டார். என் வாய் கொஞ்சம் அடங்கியிருக்கலாம். பல் கட்டுகிறவர் எந்தப் பல் என்று பார்க்காமலே பிடுங்கிவிடுவார்; வெள்ளிக்கு மூன்றே நாள்.

7, புதன்
பஞ்சு இல்லை. கிராம்பெண்ணெய் அரைப் போத்தல். குடைக்குக் கம்பி மாற்ற வேண்டும்.
இடப்பக்கம் ஏன்? இடப்பக்கம் படுப்பதாலா? இல்லை. இடக்கையால் பல் தீட்டுகிறாளா? இல்லை, வலக்கை. நாள் முழுக்க இதே யோசனை. மற்றப் பிள்ளைகளின் வாயைப் பார்க்கும்போதும் அவள் வாய்தான் தெரிகிறது.

8, வியாழன்
பள்ளி விட்டதும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் வைக்கோல். உம்மா முகத்தை நீட்டிக்கொண்டாலும் தேத்தண்ணி தந்தார். பாலும் சீனியும் போடாத சாயம், கையில் ஒரு துண்டு பனங்கட்டி.

ரிஸ்னாவுக்கும் அப்படியே. துண்டை இடக்கன்னத்துக்குள் ஒதுக்கினாள். ஒரு மிடறு, இன்னொரு மிடறு. தேத்தண்ணி முடிந்தும் கன்னம் வீங்கியபடியே விளையாடப் போனாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவ்வளவு சந்தோஷம்!

"ஏன் மகள் இடப்பக்கம்?"
"மத்தப் பக்கம் வெச்சா கதைக்க ஏலா மிஸ்."
உம்மா சொன்னார்: "தேத்தண்ணி ஊத்துற நேரமெல்லாம் இப்படித்தான். மூத்தவளப் பாத்துப் பழகின."

(வீட்டுக்கு வந்து நானும் வைத்துப் பார்த்தேன். எனக்கு வலக்கன்னம். இரண்டு பக்கத்தாலும் கதைக்க முடிகிறது.)

இந்த முறை உம்மாவிடம் சத்தம் போடாமல் கேட்டேன். இந்தப் பல் எப்போது முளைத்தது?
"போன நோன்புக்குள்ள. காய்ச்சலோட."
"அதுக்கு முதல் அந்த இடத்துல என்ன பல் இருந்த?"
யோசித்தார். பிள்ளையைக் கூப்பிட்டு, விரலை விட்டுப் பல்லையும் ஈறையும் தடவிப் பார்த்தார்.
"ஒண்ணும் இல்ல மிஸ். வெறும் முரசு." பால் பல் எல்லாம் மூன்று வயதுக்குள் முளைத்துவிடும் என்றேன். "அப்ப இது விழுந்தா வாறதுக்கு வேற இல்லியா?"
"இல்ல."
"நாளைக்குக் கூட்டி வாறன்."

9, வெள்ளி
ஜும்ஆவுக்கு முன் பள்ளி விடும், அதனால் முதல் ஆள் ரிஸ்னா. பல் குடையும் மெஷினை மிதித்து மிதித்துக் கால் மரத்துப் போனது. அழுதாள், ஆனால் வாயை மூடவில்லை. பல் தப்பியது. கண்ணாடியில் வெள்ளி அடைப்பைப் பார்த்துவிட்டு வகுப்புக்குக் காட்ட ஓடினாள்.

உம்மா போகவில்லை. மூத்தவள் ஃபஸ்மியாவையும் கூட்டி வந்திருந்தார், வயது பத்து.
"இவக்கு நோவு ஒண்ணும் இல்ல மிஸ். சும்மா பாருங்க."

திறந்தாள். கீழ் இடது, அதே இடம். பல் இல்லை, முரசு ஆறி மூடியிருந்தது.

"போன வருஷம் நான்தான் கொண்டு போய்ப் புடுங்கின. முளைச்சிட்டா எண்டு ஒவ்வொரு வெள்ளியும் தல வாரக்குள்ள பாப்பன்." குரல் இறங்கிப் போனது. "இனிப் பாக்கத் தேவல்லையா மிஸ்?"

தேவையில்லை என்றேன். ஃபஸ்மியா இன்னும் வாயைத் திறந்தபடியே இருந்தாள்.