மதியச் சங்குக்கு முன்னால்

மார்ச் 3, 1903, செவ்வாய்

சுரங்கத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. பம்பு சரியாகிற வரை யாருக்கும் வேலை இல்லை. மற்றவர்களுக்கு வயிற்றுக் கவலை. எனக்கு அதோடு இன்னொன்று. அடுத்த வாரம் சனிக்கிழமை டன்ஷா அணியோடு கோப்பை அரையிறுதி. வேலைக்குப் போகாதவன் ரக்பி ஆடக் கூடாது என்பது எங்கள் ரக்பி சங்கத்தின் சட்டம். ஆட்டத்தையே பிழைப்பாக்கிவிடுவோமாம்! ஆட்ட நாளன்றும் மதியச் சங்கு ஊதும்வரை வேலையில் நிற்க வேண்டும். வயது முப்பத்து நான்கு. எனக்கு இன்னொரு அரையிறுதி வருமா?

மார்ச் 5

மதுக்கடையில் பீர் ஊற்ற ஆள் கேட்டார்கள். கிளப் செயலாளர் ஓக்டனிடம் ஓடினேன். "அதெல்லாம் வேலைல சேராதுப்பா. சட்டத்துலயே போட்டிருக்கான்" என்றார். பின்னே எதுதான் வேலை?

மார்ச் 9

மாட்டுக்குடல் வேகவைக்கும் ஆலையில் சேர்ந்துவிட்டேன். நாளெல்லாம் குடலைச் சுரண்டிக் கழுவுகிற வேலை. செலினா வாசலிலேயே மறித்தாள். "அப்படியே நில்லு! கொல்லைப்பக்கம் போய்க் குளிச்சுட்டு வா. உன்னைக் கட்டிக்கிட்டப்ப கரி வாடை மட்டும்தான்யா இருந்துச்சு."

பயிற்சியில் ஜோனாஸ் மூக்கைப் பொத்திக்கொண்டான். "அண்ணே, நீங்க முன்னால போனா போதும். டன்ஷாக்காரன் தானா வழி விட்டுருவான்." சிரித்துவைத்தேன். என் இடத்துக்குக் காத்திருக்கிற பயல். முழங்கால் வீக்கத்தை அவனுக்குக் காட்டவில்லை.

மார்ச் 14, சனி

ஜெயித்தோம்! கடைசியில் மூன்று பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி விழுந்தேன். பந்தைத் தரையில் ஊன்றி வெற்றிப் புள்ளி எடுத்தவன் நான் — நான்!

ஒரே ஓர் உறுத்தல். காலையில் முழங்கால் மடங்கவேயில்லை. ஒத்தடம் கொடுக்கலாம் என்று சங்கு ஊதுவதற்கு முன்பே ஆலையிலிருந்து கிளம்பிவிட்டேன். மேஸ்திரி பில்லிங் பார்த்தார், தலையசைத்தார். அது அனுமதிதானே?

மார்ச் 18

டன்ஷாக்காரர்கள் புகார் கொடுத்துவிட்டார்கள். ஆலை வாசலில் அவர்கள் ஆள் நின்றிருக்கிறான். அடப்பாவிகளா! பில்லிங்கிடம் போனேன். "குட்மார்னிங்னுதான் தலையாட்டினேன், ஏபல். நீ லீவு கேக்கவே இல்லையே?"

கேட்கவில்லைதான். கேட்டால் விட்டிருப்பார். ஏன் என்று கேட்பாரே, முழங்கால் விஷயம் ஊருக்கே தெரிந்துவிடுமே — அந்தப் பயம். முட்டாள். முட்டாள்.

மார்ச் 20

சங்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. எனக்கு இந்த ஆட்டப் பருவம் முழுக்கத் தடை. அந்த ஆட்டம் செல்லாது. மறுபடி ஆட வேண்டும்.

மார்ச் 28

மறு ஆட்டத்திலும் ஜெயித்துவிட்டார்கள். என் இடத்தில் ஜோனாஸ்.

"தோத்துப் போகணும்னு நெனச்சியா?" என்று கேட்டாள் செலினா. இல்லை என்றேன். பொய்.

ஏப்ரல் 25

கோப்பை வந்துவிட்டது. பேண்டு வாத்தியத்தோடு வண்டி எங்கள் தெருவில் நின்றது. ஜோனாஸ் பீர் நிரப்பிய கோப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டான். "ஒரு வாய் குடிங்கண்ணே. நீங்க குடிக்காம நான் வண்டியேற மாட்டேன்." குடித்தேன். அவன் போனதும் அழுதேன்.

ஆகஸ்ட் 24

சுரங்க வேலை எப்போதோ தொடங்கிவிட்டது. தடையும் முடிந்தது. புதுப் பருவத்துக்கு ஆள் சேர்க்க ஓக்டன் வந்தார். "கால் எப்படிப்பா இருக்கு?" எழுந்து நடந்து காட்டியிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தேன். அவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 5, சனி

பருவத்தின் முதல் ஆட்டம். பழக்கத்தில் கால் ஆட்டக்காரர் வாசலுக்கே போய்விட்டது. காவல்காரன் வழியும் விட்டான். "மன்னிச்சுக்கப்பா" என்று திரும்பி, சுற்றிப் போய் டிக்கெட் வரிசையில் நின்றேன். ஜோனாஸ் தலையை நிமிர்த்திக்கொண்டே ஓடினான், இரண்டு தடவை விழுந்தான். "குனிடா! குனிஞ்சு போடா!" என்று கத்தினேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த தடவை குனிந்தே போனான்.