படகுக்குக் காத்திருக்கும் ஐந்து பேர்

மட்டாஞ்சேரி
9-1-1982

சிரஞ்சீவி அழகருக்கு, கமலாக்ஷியின் அம்மா சீதாலக்ஷ்மி ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இரண்டு வருஷத்துக்கு முன் நீ இங்கே வந்தபோது உன்னை 'நீங்கள்' என்றுதான் கூப்பிட்டேன். மரியாதைக்காக அல்ல, தள்ளி நிறுத்துவதற்காக. என் பெண்ணோடு மெட்ராஸில் சிற்பம் படித்தவன், அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டு அவ்வளவு தூரம் ரயிலில் வந்தவன். உனக்கு ஒரு வாய் காப்பி தரவில்லை. ஜாதி ஒத்துவராது என்று நின்றபடியே சொல்லி அனுப்பிவிட்டேன். இன்று 'நீ' என்று எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் பொறுத்துக்கொள்.

உங்களோடு படித்த சிவராமகிருஷ்ணன் நேற்று வந்தான். கமலாக்ஷியின் களிமண் சிற்பத்துக்குப் பிளாஸ்டரில் அச்சு எடுத்துத் தரும்படி உன்னைக் கேட்டதாகவும், அந்த வீட்டுப் படியை இனி மிதிக்க மாட்டேன் என்று நீ பதில் போட்டதாகவும் மென்று விழுங்கிச் சொன்னான். நீ சொன்னது நியாயம். எனக்குக் கோபம் வரவில்லை. முப்பத்தைந்து வருஷமாக என் கோபத்தோடு குடித்தனம் நடத்துகிற இவருக்கு அதுதான் ஆச்சரியம்.

கண்காட்சி பிப்ரவரி பதினான்காம் தேதி. பஜார் ரோட்டில் ஒரு பழைய சுக்குக் கிடங்கைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். காயலும் நகரமும் என்று பெயர் வைத்து ஆறு பேர் செய்ததை வைக்கப் போகிறார்கள். சிவராமகிருஷ்ணன் என்னை அழைத்துப்போய்க் காட்டினான். உள்ளே போனதும் சுக்கு நெடியில் நாலு தும்மல். துறைமுகத்துக் கிரேன் ஒன்றைக் கொக்கின் கழுத்தாக வளைத்து வைத்திருக்கிறான் ஒருவன். சிமென்ட் மூட்டையைக் கிழித்துக்கொண்டு காயலோரக் கண்டல் மரத்து வேர் வெளியே வருகிறது ஒன்றில். தகர டப்பாக்களை வெட்டி ஒரு பெரிய மீன். பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்த பாதியும் பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு மரப் பீடம் காலியாக இருந்தது. அதன்மேல் ஒரு சீட்டில் அவள் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அவள் செய்ததை நீ பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். ஐந்து பேர் படகுத் துறையில் எறணாகுளத்துக்குப் படகு வரக் காத்து நிற்கிறார்கள். ஒருத்தி வைப்பின் தீவிலிருந்து மீன் கொண்டுவருகிறவள். ஒருவர் குடை பிடித்த குமாஸ்தா, அவர் குடைமேல் ஒரு கொக்கு. யாருக்கும் இடுப்புக்குக் கீழே கால் கிடையாது, காயலை மூடிக் கிடக்கிறதே ஆப்பிரிக்கன் பாயல் என்கிற மிதக்கும் செடி, அதன் இலையும் வேரும்தான். கால் எங்கே என்று கேட்டேன். பாயல் அடைச்சா படகு வராதும்மா, நின்னு நின்னு அவாளுக்கு வேரு பிடிச்சுடுத்து என்றாள். ஐந்து பேரில் என் முகம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. மீன்காரியைச் செய்யத் தோன்றியது, பெற்றவளைச் செய்யத் தோன்றவில்லையா என்று அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

ஐந்தாவது ஆளுக்கு முகம் இல்லை, வெறும் மண் உருண்டை. அழகர் வந்து பாக்கட்டும், அப்பறம் முடிக்கறேன் என்றாள். அதற்குள் மஞ்சள் காமாலை வந்துவிட்டது.

அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. அந்த மண்ணைக் காயவிடாமல் வைத்திருக்கிறேன். காய்ந்தால் வெடித்துவிடும் என்று அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, என் பழைய புடவையை நனைத்துப் போர்த்துகிறேன். குளித்த பிறகு அவள் மண்கையோடு என்னைத் தொட்டால் மறுபடி குளிக்கப் போவேன், அப்படி ஒரு மடி எனக்கு. இப்போது பூஜை முடிந்ததும் நேரே அந்த அறைக்குத்தான் போகிறேன். பதின்மூன்று நாள் காரியம் முடிந்து வீட்டைக் கழுவும்போது, இந்தச் சகதியை எடுத்துக் கொட்டிவிடலாமே என்றாள் என் ஓரகத்தி. அவள் இந்த வீட்டுக்கு வந்தது அதுதான் கடைசி.

ஒரு தப்பு செய்துவிட்டேன். ஆவணியில் ஒருநாள் அழுதுகொண்டே ஊற்றியதில் தண்ணீர் அதிகமாகி, மீன்காரியின் கை கழன்று விழுந்துவிட்டது. நானே ஒட்டினேன். என் கட்டைவிரல் பதிந்துவிட்டது. எப்படித் தேய்த்தாலும் போகவில்லை.

இப்போது அச்சு எடுத்தால்தான் கண்காட்சிக்கு ஆகும். அச்சு எடுத்த பிறகு அதற்குள் இருக்கும் களிமண்ணைத் தோண்டி எறிந்துவிடுவார்களாமே. திருவனந்தபுரத்துக்காரர் ஒருவர் அந்த முகத்தையும் முடித்து, அச்சும் எடுத்துத் தருகிறேன் என்கிறார். பெரிய கைக்காரராம். அவள் விரல் பட்ட மண்ணை வேறொருவர் தோண்ட நான் விட மாட்டேன். முகம் அப்படியே இருக்கட்டுமா, முடிக்க வேண்டுமா என்பதையும் நீதான் சொல்ல வேண்டும். மாதக் கடைசிக்குள் யாரும் செய்யாவிட்டால் அந்தப் பீடம் காலியாகவே இருக்கும்.

இன்னொன்று இருக்கிறது. இவருக்குக்கூடத் தெரியாது.

அவள் படுத்திருந்தபோது உன் கடிதங்கள் இரண்டு வந்தன. மே கடைசியில் ஒன்று, ஜூன் ஐந்தாம் தேதி ஒன்று. இரண்டையும் வாசலில் வாங்கி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். உடம்பு தேறட்டும், பாலக்காட்டு வரனைப் பேசி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். தேறிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அம்மா, லெட்டர் வல்லதும் வந்துதா என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் இல்லை என்றேன். கடைசித் தடவை, மழையாக்கும், தபால்காரன் பாவம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு கேட்கவில்லை. பதினோராம் தேதி விடிகாலையில் போய்விட்டாள்.

நீ எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டே அவள் போனாளா, எனக்குத் தெரியாது. நினைக்காத நாள் இல்லை.

கடிதங்கள் ஒட்டினபடியே என்னிடம் இருக்கின்றன. பிரிக்க எனக்கு என்ன உரிமை? அச்சு எடுப்பதற்கு முன் அந்த அறையில் உட்கார்ந்து நீ அவற்றை அவளுக்கு வாய்விட்டு வாசித்துவிடு. நான் கேட்கக்கூடாது என்றால் கோயில்வரை போய்விடுகிறேன்.

இதைச் சொல்லாமலே உன்னை வரவழைத்திருக்கலாம். அப்படிச் செய்தால் அவளை நாலாவது தடவையும் ஏமாற்றியதாகும்.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். உன் தாயார் உன்னால் சந்தோஷப்பட வேண்டும். அச்சு எடுக்க மனம் வராவிட்டால், என்னைத் திட்டுவதற்காகவாவது ஒரு தடவை வா. இந்த வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை, அழகர்.

இப்படிக்கு,
சீதாலக்ஷ்மி