கடைப் போன் அடித்தால் அறுகிற இணைப்பு

இன்று எங்கள் வீட்டுக்கும் பிராட்பேண்ட் வந்துவிட்டது. மோடத்தைப் பிரித்ததும் வந்த புது பிளாஸ்டிக் வாசனையில் உன் ஞாபகம் வந்தது. நீ காய்ச்சலில் இறந்துபோய் ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது.

உங்கள் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்த அன்று மளிகைக்கடை மாடியில் நாம் இரண்டு பேரும்தான். போன் ஆபீஸ்காரர் உன் கம்ப்யூட்டரில் லினக்ஸைப் பார்த்ததும், "விண்டோஸ் இல்லையா? அப்ப நீங்களே போட்டுக்கோங்கம்மா" என்று மோடத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பின்னாலேயே உன் அப்பா படியேறி வந்தார்.

"பொழுது சாயுததுக்குள்ள ஓடலைன்னா நாளைக்குத் திருப்பிக் கொடுத்துருவேன். இதையே ஓட்டத் தெரியல, இஞ்சினியரிங் காலேஜுல போயி என்னத்தப் படிக்கப் போற? பேசாம இங்கனயே பி.காம். சேரு."

நீ லினக்ஸ் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டினாய். நெட்வொர்க் கார்டு எது, பயனர் பெயர் என்ன என்று அது கேட்டுக்கொண்டே வந்தது. கடவுச்சொல்லைத் தட்டும்போது மட்டும் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

"கீபோர்டு செத்துப்போச்சுட்டி" என்றேன்.

"லினக்ஸ் அப்படித்தான், யாருக்கும் காட்டாது. ஒன்ன மாதிரி ஓட்டைவாயா அது?"

இணைப்பு கிடைத்தது. நாம் கத்தி முடிப்பதற்குள் அறுந்தது. மறுபடி போட்டாய், மறுபடி அறுந்தது. கீழே கடையில் போன் அடிக்கும்போதெல்லாம் அறுகிறது என்று தெரிந்தது. தெருவில் பாதி வீட்டுக்கு அந்த நம்பர்தான். திருப்பூருக்கும் பம்பாய்க்கும் வேலைக்குப் போனவர்கள் வீட்டாருடன் பேச அதில்தான் கூப்பிடுவார்கள்.

"கடைப் போனைக் கழட்டி வச்சிருவோம்ட்டி, ஒங்கப்பா பாத்துட்டுப் போற வரைக்கும்."

நீ என்னை முறைத்தாய். "செண்பகக்கா காலையிலருந்து கடை வாசல்லயே உக்காந்திருக்காவ. அவிய வீட்டுக்காரர் கூப்பிடுத நேரம். மறிக்கச் சொல்லுதியா?"

பிறகு மோடத்திலிருந்து கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டே படியிறங்கினாய். நான் பின்னாலேயே வந்தேன். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் கம்பி இரண்டாகப் பிரிந்தது. ஒன்று கடைப் போனுக்கு, மற்றொன்று மாடிக்கு. நெட்டையும் பேச்சையும் பிரிக்கிற சின்ன வெள்ளைப் பெட்டியை நாம் மாடியில் மோடத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். கடைப் போன் அதன் வழியாகப் போகாததால்தான் நெட் அறுந்தது; அது இருக்க வேண்டியது கம்பி பிரிகிற இடத்தில். கழற்றி வந்து அங்கே மாட்டினாய்.

போன் அடித்தது. செண்பகக்கா ஓடிவந்து எடுத்தார்கள். நாம் மாடிக்கு ஓடிப் பார்த்தோம், மோடத்தின் பச்சை விளக்கு அணையவில்லை. உன் அப்பாவும் ஏறி வந்து திரையைப் பார்த்தார், கீழே அக்கா பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"எந்தக் காலேஜுன்னு நீயே பாத்து வையி" என்றுவிட்டுச் சீனி நிறுக்கப் போனார்.

அன்றைக்கே பார்த்து வைத்தாய். போகத்தான் முடியவில்லை.

நான் அடுத்த வருடம் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன். உனக்காக என்று யாரிடமும் சொல்வதில்லை, எனக்கே பிடித்துவிட்டது. ஆனால் எது ஓடாமல் நின்றாலும், அடுத்தவர் பேச்சை நிறுத்தாமல் சரிசெய்ய வழி இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறேன். அது உன்னிடமிருந்து வந்தது.