முகநரம்பின் வாசல்

மார்ச் 4
முதலாண்டு வகுப்பு. மண்டையோட்டைக் கவிழ்த்துப் பிடித்து, அடியிலுள்ள ஒவ்வொரு துளையிலும் துடைப்பக்குச்சியை நுழைத்து, எந்த நரம்பு, எந்த ரத்தக்குழாய் என்று கேட்டுக்கொண்டே வந்தேன். காதுக்குப் பின்புறத் துளைக்கு வந்ததும் வகுப்பே நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டது. முகநரம்பு வெளியே வரும் வாசல் அது. பதில் என் கோணல் முகத்திலேயே இருக்கும்போது எப்படிச் சொல்வார்கள், பாவம்?

மார்ச் 9
எங்கள் துறை நடத்தும் காது அறுவைப் பயிற்சி முகாமுக்குக் கொழுந்தனும் பெயர் கொடுத்திருக்கிறான். என் காதைத் திறந்து நரம்பை வெட்டிய அதே மகராசன். மூன்று வருடமாக ஒரே பாட்டு: "வீக்கம்தான் அண்ணி, தானா சரியாயிடும்." வீட்டுக்காரரோ, குடும்பத்துக்குள் எதற்கு என்கிறார். போனது என் முகம் ஆயிற்றே! வெட்டியதை அவன் வாயாலேயே சொல்ல வேண்டும், நாலு பேர் முன்னால்.

மார்ச் 10
தானாகச் சொல்லுவானா? சொல்ல வைக்கணும்.

மார்ச் 15
முகாமில் அறுத்துப் பழக, பிணங்களிலிருந்து எடுத்து வைத்த காதெலும்புகளை ஸ்கேன் எடுத்தோம். ஒன்றில் முகநரம்பு வழக்கமான பாதையை விட்டு, மேலாக ஓடித்தான் துளைக்கு வருகிறது. யார் கை வைத்தாலும் வெட்டுப்படும். அறுத்து முடித்த பிறகுதான் படத்தைக் காட்டுவது எங்கள் வழக்கம். இந்தப் படம் மட்டும் சரியாக வரவில்லை, காட்ட வேண்டாம் என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டேன். எலும்பு கொழுந்தன் மேசைக்கு.

மார்ச் 22
ட்ரில்லைப் பொறுமையாகத்தான் ஓட்டினான். இருந்தும் நரம்பு துண்டாயிற்று. மைக்கோடு போய் நின்றேன்.

"இப்ப என்ன வெட்டினீங்க, டாக்டர்?"

"முகநரம்பு, மேடம்."

"இந்த ஆளு எழுந்தா முகம் எப்படி இருக்கும்?"

நிமிர்ந்து பார்த்தான். கூடமே பார்த்தது.

"உங்க முகம் மாதிரி, அண்ணி. அதையும் நான்தான் வெட்டினேன்."

இன்றைக்குத்தான் என் வயிறு குளிர்ந்தது.

ஏப்ரல் 2
கொழுந்தன் அறுவையே செய்வதில்லையாம். வீட்டுக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனார். நிறுத்தட்டுமே, எனக்கென்ன — நான் கேட்டது அதுவா?

ஏப்ரல் 6
கொழுந்தன் வந்தான். இளைத்திருந்தான். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டான். போகும்போது வாசலில் திரும்பினான்.

"அந்த எலும்புல நரம்பு சரியான எடத்துலதானே இருந்துச்சு, அண்ணி? நீங்க சொன்னா நம்பிடுவேன்."

'இல்லை' என்ற ஒரு வார்த்தை போதும், அவன் கை மறுபடி அவனுக்குக் கிடைத்திருக்கும்.

"சரியான எடத்துலதான் இருந்துச்சு, தம்பி," என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனான்.